வடக்கு மூலைக் கொப்புளம்

பதினேழாவது உத்தரத்திலிருந்து ஒரு சொட்டு.
தும்மல் ஒன்று வந்து அடங்கும் நேரம் கழித்து
இன்னொன்று.
விழுந்த இடத்திலேயே உறைந்துபோகும்.
காலையில் விளக்கைப் போட்டால்
பனித்தளத்தின் வடக்கு மூலையில்
கட்டைவிரல் முட்டி அளவுக்கு ஒரு கொப்புளம்.

அதை மழிப்பது என் வேலை.
பத்தொன்பது வருடமாக இந்த வண்டி,
மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர்.
கில்மோரில் என்னைவிட மெதுவாக
இத்தனை தூரம் போனவர் எவரும் இல்லை.
முட்டை வடிவத்தில் சுற்றிச் சுற்றி
போய்ச் சேர்ந்த ஊர் என்று ஒன்றும் இல்லாமல்.

அந்த மூலை வரும்போது மட்டும்
கத்தியை ஒரு நூலளவு உயர்த்துவேன்.

மேலாளர் பெர்க்வாலுக்குத் தெரியாது.
தடுப்பாட்டக்காரன் எமில் ஸவாட்ஸ்கிக்குத் தெரியும்.
எதிரணி தள்ளிய வட்டு
கொப்புளத்தில் இடறி ஒரு சாண் விலகும்;
விலகும் இடத்தில்
அவன் மட்டை முன்பே போய்க் காத்திருக்கும்.
'மாயக்காரன்' என்று எழுதும் எங்கள் ஊர்ப் பத்திரிகை.
இதைப்பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.
கிறிஸ்துமஸுக்கு என் லாக்கரில்
ஒரு புட்டி மேப்பிள் பாகு இருக்கும், பெயரில்லாமல்.

நவம்பரில் அணியின் முதலாளி கடிதம் போட்டார்.
கட்டடத்துக்கு எழுபத்திரண்டு வயது.
மர இருக்கைகள். அவற்றின் அடியில்
யார் யாரோ மென்று ஒட்டிய கோந்து.
இடைவேளையில் கழிப்பறை வரிசை
பாப்கார்ன் வரிசையோடு சேர்ந்துகொள்கிறது
(எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்பவர்கள் உண்டு).
தெற்கே ஒரு ஊரில்
பன்னிரண்டாயிரம் இருக்கைக்குக் கான்கிரீட் ஊற்றிவிட்டார்களாம்.
அங்கே பனி என்றால்
குளிர்பானக் குவளையில் கிடப்பது.

நகரசபை ஐந்து மணி நேரம் பேசியது.
அணிச் சட்டை போட்டு வந்தவர்கள் ஒரு பக்கம்.
ஹாரியட் ஓக்வீ சாதாரணக் கோட்டில் வந்து
ஒரு ஜாடியை மேசைமேல் வைத்தாள்.
உள்ளே துரு நிறத் தண்ணீர்.
"பெல்லாமி தெருக் குழாய். நேற்றுப் பிடித்தது.
முதலில் எந்த ஒழுகல்?"
யாரும் கூச்சல் போடவில்லை.
நானும் பெல்லாமி தெருதான்.
நானும் கூச்சல் போடவில்லை.
கைதட்டவும் இல்லை.

ஆறுக்கு ஐந்து.
கூரைக்குப் பணம் ஒதுக்கினார்கள்.
ஜனவரியில், மைனஸ் முப்பத்தொன்றில்,
மேலே ஏறித் தார் பூசினார்கள்.
அன்றிரவு உத்தரத்தின் அடியில் நின்று பார்த்தேன்.
தும்மல் அடங்கும் நேரம்.
ஒன்றும் விழவில்லை.
பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவதுபோல்
கத்தி அந்த மூலையில் தானாக உயர்ந்தது.
உயர்த்த எதுவும் இல்லை.

சனிக்கிழமை லீக் ஆட்கள் மூவர்
சாம்பல் நிறக் கோட்டில் வந்து உட்கார்ந்தார்கள்.
நான் போட்ட தளங்களிலேயே நல்ல தளம் அது.
விளக்குகளை எண்ணிவிடலாம் அதில்.
ஸ்கோர் மூன்றுக்கு மூன்று. இரண்டு நிமிடம் பாக்கி.
வட்டு வடக்கு மூலைக்கு வந்தது.
எமிலின் மட்டை
ஒரு சாண் தள்ளிப் போய்க் காத்திருந்தது.

வட்டு நேராகப் போனது.

வலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு.
நாலாயிரம் பேர் ஒரே மூச்சாக வாயை மூடிக்கொண்டார்கள்.
எமில் தளத்தைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான்,
பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னை.
நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சாம்பல் கோட்டு ஒருவர் குறித்துக்கொண்டதைப்
பெர்க்வால் எட்டிப் பார்த்திருக்கிறார்:
'பனித்தளம், மிகச் சிறப்பு.'
என் முதுகில் இரண்டு முறை தட்டினார்.

முடிவு ஏப்ரலில்.
போனால் போகட்டும் என்று காலையில் தோன்றுகிறது,
பல் துலக்கும் தண்ணீரைப் பார்த்ததும்.
மாலையில் வாகன நிறுத்தம் நிறைவதைப் பார்த்தால்
தோன்றுவதில்லை.

இன்று எல்லோரும் போன பிறகு
கம்ப்ரஸரின் உறுமலைத் தவிர வேறு சத்தமில்லாத நேரம்,
வீட்டிலிருந்து கொண்டுவந்த ஃபிளாஸ்க்கோடு
வடக்கு மூலைக்கு நடந்தேன்.
சாய்த்தேன், கொஞ்சமாக.
பிறகு இன்னும் கொஞ்சம்.
உறைந்ததும் பார்த்தால் பழுப்பு.

பெர்க்வால் கேட்டால்
காபி சிந்திவிட்டது என்பேன்.